குஞ்சப்பனையில் பச்சைக் கோட்டு

"பிளாஸ்டிக் பாட்டில் இருக்குங்களா?"
ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறேன்.
கேள்வி ஒன்றுதான்.
பதில், வண்டிக்குள் கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள்
என்பதைப் பொறுத்தது.

தனியாக வருகிறவர் தானே இறங்கி டிக்கியைத் திறக்கிறார்.
அதே ஆள் மறுவாரம் மாமனாரோடு வந்தால்
சட்டம் பேசுகிறார்,
கலெக்டர் ஆபீசில் யாரையோ தெரியும் என்கிறார்.
நாலு சிநேகிதர்களோடு வந்தால்
பாட்டிலை நீட்டி
"ஒரு வாய் குடிங்க மேடம்" என்று
அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.
இதில் எவர் அவர் என்று
முதல் மாதம் யோசித்தேன்.
வரிசை நீண்டது. விட்டுவிட்டேன்.

எதிரே பலா மரத்தில் குரங்குகள்.
பறிமுதல் சாக்கிலிருந்து உருவிய பாட்டிலைத்
தாய் திருகித் திறக்கும்.
குட்டி கல்லைத் திருகிப் பார்க்கும்,
பலாப்பிஞ்சைத் திருகிப் பார்க்கும்,
ஒரு தரம், நான் அசந்த நேரம்,
என் சுண்டுவிரலை.

பழ சீசனில் ஒற்றை யானை
நடுரோட்டில் வந்து நின்றது.
அரைமணி நேரம் எல்லா வண்டியும் ஒரே சாதி.
பெரிய கார்க்காரர்
முட்டைக்கோஸ் லாரி டிரைவரிடம்
"அண்ணே, போயிடுமா?" என்று கிசுகிசுத்தார்.
போய்விட்டது.
முதல் ஹாரன் அவருடையதுதான்,
அண்ணனின் லாரியைப் பார்த்து.

பச்சைக் கோட்டு ஆபீசில் கொடுத்தது.
முதுகில் எழுத்து, நடுவில் ஒரு பொத்தான் இல்லை.
அதைப் போட்டால் நான் மேடம்.
ஆடி மழையில் நனைந்து அது
கொடியில் தொங்கிய அன்று
வெறும் ஸ்வெட்டரோடு கை காட்டினேன்.
"யாரும்மா நீ?" என்றார் ஒருவர்.
நியாயமான கேள்வி.
திரும்பிக் கொடியைப் பார்த்தேன்.

லயத்தில் நான் லீலா.
ஆஸ்பத்திரிச் சீட்டில் புஷ்பலீலா, வயது நாற்பத்தொன்று.
ரேஷன் கடையில் 'அந்த சிலோன்காரப் பொம்பளை'.
கப்பலேறி வந்தது அப்பா, ஒன்பது வயதில்.
நான் கடலையே பார்த்ததில்லை.

தெய்வநாயகம் சார் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
அவர் பங்களாவில் பதினோரு வருஷம் பாத்திரம் கழுவினேன்.
எனக்கென்று ஒரு டம்ளர்
பின்கட்டு ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்திருக்கும்.
கார்க் கண்ணாடி இறங்கியது.
முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார்.
"ரெண்டு இருக்குங்க."
பதினோரு வருஷமாக
என் பக்கம் விழாத அந்த 'ங்க'.
சந்தோஷப்பட நேரமில்லை:
என் முதுகு அதுபாட்டுக்குப்
பழைய அளவுக்கு வளைந்துவிட்டது.
பாட்டிலை வாங்கும் முன்
கை முந்தானையில் துடைத்துக்கொண்டது.
ஈரமே இல்லை.
அந்தக் குனிவில்தான் என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும்.
"அட, லீலாவா நீ?"
'ங்க' கீழே விழுந்தது.
இருவரும் குனிந்து எடுக்கவில்லை.

இப்படியெல்லாம் சொல்கிறவள்
சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம்.
மாசியில் சித்தி மகள் கல்யாணத்துக்குத் திருப்பூர் போனேன்.
மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் வாங்கிய தண்ணீர்
அன்னூர் தாண்டி தீர்ந்தது.
முன் சீட்டுக்காரர் வீசினார்.
பின் சீட்டில் ஒரு பையன் வீசினான்.
எனக்கு ஜன்னலோரம்.
பாட்டில் போன பிறகுதான்
கை வெளியே இருப்பது தெரிந்தது.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்கிறவளின் கோட்டு
மலைமேல் ஆணியில் தொங்கியது.

உடனே உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை கையை.
அடுத்த ஸ்டாப் வரைக்கும்
காற்றில் வைத்திருந்தேன்,
யாருடையதோ போல.